பூட்டிய வீட்டு மச்சில் மரநாய் குடியிருந்தால்

செட்டிநாட்டில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துப் பெரிய வீடுகளிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அடுத்த வாரம் அறுபதாம் கல்யாணம், வீட்டைத் திறந்து சுத்தம் செய்கிறோம், ராத்திரியானால் மச்சுப் பலகைக்கு மேல் தடதடவென்று ஓட்டம், ஆள் அனுப்பிப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பார்கள். ஒரு வாரத்தில் செய்யக்கூடியது குறைவு. மூன்று மாதம் முன்பே மேலே ஏறிப் பார்த்திருந்தால் செலவும் குறைவு, வேலையும் சுளுவு.

மேலே ஓடுவது பெரும்பாலும் மரநாய், அதாவது புனுகுப்பூனைக் குடும்பத்து விலங்கு. அதற்கு இந்த வீடுகளைவிட வசதியான இடம் கிடைக்காது. ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீளும் கூரை. ஓட்டுக்கும் தேக்குப் பலகைக்கும் நடுவே இருட்டான வெளி. பங்காளிகள் கூடும் நாட்கள் தவிர மற்ற நாளெல்லாம் பூட்டு. வெளியே ஆலும் நாவலும் பனையும் சப்போட்டாவும். பழம்தான் அதற்கு முக்கிய உணவு. எலி, பூச்சி, சின்னப் பறவை எதையும் விடாது, கள்ளுப்பானையையும் தேடிப் போகும். எடை இரண்டிலிருந்து ஐந்து கிலோ. வால் ஏறக்குறைய உடம்பின் நீளம் இருக்கும். பகலெல்லாம் தூங்கி, இருட்டியபின் கிளம்பி, விடியுமுன் திரும்பிவிடும்.

முதலில் வந்திருப்பது மரநாய்தானா என்று உறுதி செய்யுங்கள். சந்தேகப்படும் சந்தின் விளிம்பிலும் சுவரின் தலைமாட்டிலும் பொழுது சாயும்போது கோலமாவை மெல்லிசாகத் தூவுங்கள். காலையில் ஐந்து விரல் தடம் இருந்தால் மரநாய். நான்கு விரல், நகத்தடம் இல்லை என்றால் பூனை. எச்சத்தையும் பாருங்கள். பூனை புதைக்கும். மரநாய் திறந்த இடத்தில், திரும்பத் திரும்ப அதே இடத்தில் போடும். அதில் பழக்கொட்டைகள் அப்படியே தெரியும். மச்சிலிருந்து பாசுமதி அரிசி வேகிற மாதிரி வாசனை வருகிறது என்று சிலர் சொல்வதும் இதனுடைய வாசனையைத்தான்.

அடுத்து வழி. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும்; ஒரு கையகலச் சந்து போதும். சரிந்த ஓடு, கூரைகள் சந்திக்கும் மூலை, உடைந்த காற்றுத் துவாரம், இற்றுப்போன ஓரப்பலகை எல்லாம் பாருங்கள். ஏறுவதற்கு மழைநீர்க் குழாயும் கூரையைத் தொடும் கிளையும் உதவும். கிளையை இரண்டு மீட்டராவது தள்ளி வெட்டுங்கள். ஒரு பெரிய ஓட்டையை மட்டும் அடைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் அடிக்கடி நடக்கிறது. பக்கத்து ஓடு நகர்ந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை.

எது எப்படியானாலும் பகலில் அடைக்காதீர்கள். உள்ளே தூங்கும் விலங்கு மாட்டிக்கொண்டால் பலகையைப் பிய்க்கும், அல்லது அங்கேயே செத்து, விருந்தாளிகள் வரும் நாளில் நாறும். குட்டிகள் இருந்தால் இன்னும் மோசம். ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டி. பால்குடி மறக்கவே இரண்டு மாதம் ஆகும். வருடத்தில் எந்த மாதமும் ஈனலாம் என்பதால் நாள்காட்டியை நம்ப முடியாது. கீச்சுக்குரல் கேட்டாலோ, டார்ச் அடிக்கும்போது குட்டி தெரிந்தாலோ வேலையை நிறுத்திவிடுங்கள்.

குட்டி இல்லை என்று உறுதியானபின் எல்லாச் சந்தையும் அடைத்து, முக்கிய வழியை மட்டும் விடுங்கள். அதில் மேலே மட்டும் கீல் வைத்த வலைக்கதவு பொருத்தலாம்: உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. வட அமெரிக்காவில் பரணேறிய ரக்கூன் என்ற விலங்கை வெளியேற்றும் முறை இது. (அங்கே ரக்கூன் படுத்தும் பாட்டில் டொரண்டோ மாநகராட்சி 2016இல் பூட்டுள்ள குப்பைத்தொட்டிகளையே வீடுவீடாகக் கொடுத்தது. நம் மரநாய் எவ்வளவோ சாது.) மூன்று இரவு கோலமாவு தூவி, தடம் வெளியே போவதாக மட்டும் இருந்து, பிறகு எதுவுமே இல்லையென்றால் கதவை எடுத்துவிட்டு நிரந்தரமாக அடைக்கலாம். ஒரு அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய வெல்டட் வலையைச் சட்டத்தில் ஆணியடித்துப் பொருத்துங்கள். கோழிவலை வேண்டாம், பிய்த்துவிடும். சுண்ணாம்புச் சாந்து மட்டும் பூசினாலும் நகம் பெயர்த்துவிடும்.

பூச்சி உருண்டையைக் கொட்டுவது வீண். விலங்கு மச்சின் இன்னொரு மூலைக்குப் போகும், நாற்றம் உங்களுக்கு. வாழைப்பழத்தில் குருணைப் பூச்சிமருந்து வைப்பவர்களும் உண்டு. அது மயிலையும் தெருநாயையும் சேர்த்துக் கொல்லும். கூண்டு வைப்பதும் வலை போடுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவதாகவே கருதப்படும். இடம்பெயர்த்தாலும் காலியான மச்சுக்கு அடுத்த மரநாய் வந்துவிடும். பிடித்தே ஆகவேண்டிய நிலை என்றால் வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிடுங்கள்.

கீழே விழுந்த குட்டியை வெறும் கையால் தொடாதீர்கள். தடித்த துணியால் எடுத்து, அட்டைப்பெட்டியில் வைத்து, விழுந்த இடத்துக்கு அருகே உயரமாக வைத்துவிட்டு, மாலையில் வளவு (உள்முற்றம்) விளக்கை அணைத்து விலகிவிடுங்கள். தாய் தூக்கிப்போக வாய்ப்பு உண்டு. பசும்பால் ஊற்றாதீர்கள். விடிந்தும் அங்கேயே இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்கான அதே ஊசிதான். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், காயம் சின்னதானாலும், முதல் நாளே இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புப்பொருள் ஊசி) வேண்டும். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

எச்சத்தை உலர்ந்தபடி பெருக்காதீர்கள். தூசு மூக்கில் ஏறும். முகக்கவசமும் கையுறையும் போட்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து வாரி எடுங்கள். ஆத்தங்குடி கல்லில் ஆசிட் படக்கூடாது, நிறம் போய்விடும். தேக்குப் பலகையில் ப்ளீச்சிங் பவுடரும் வேண்டாம்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள் கோழி வளர்த்தால், கூண்டில் அரை அங்குல வலையும் கொக்கித் தாழ்ப்பாளும் இருக்கட்டும். அடிப்பக்கத்துக்கும் வலை வேண்டும். விழுந்த மாம்பழம், சப்போட்டா எல்லாம் இருட்டுவதற்குள் பொறுக்கிவிடுங்கள். பூனைக்கு வைத்த மீன்சோற்றையும் எடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு நகரும், பலகை ஊறி இறங்கும். ஆகவே தை பிறந்ததும் ஒருமுறை ஏணி போட்டு, கூரை முழுவதையும் சுற்றிப் பார்ப்பது நல்லது.