நூறு பேரில் ஒருத்தி

பாலியல் வழக்குகளின் குறுக்கு விசாரணையில் தவறாமல் வந்து விழும் கேள்வி ஒன்று உண்டு: "நடந்தது நிஜம்னா அன்னைக்கே ஏம்மா போலீசுக்குப் போகலை?" பாதிக்கப்பட்ட பெண்களுக்காக மகளிர் நீதிமன்றத்தில் நிற்கும் வழக்கறிஞர் நான். இந்தக் கேள்வி இத்தனை நாளில் எனக்குப் பழகியிருக்க வேண்டும். பழகவில்லை. ஏனென்றால் போகாமல் இருப்பதுதான் இங்கே பெரும்பாலான பெண்களின் நிலை.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்றில் (2019-21), உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ வன்முறைக்கு ஆளான 18 முதல் 49 வயதுப் பெண்களிடம் யாரிடமாவது உதவி கேட்டீர்களா என்று விசாரித்தார்கள். கேட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 14 பேர். 77 பேர் யாரிடமும் வாயே திறக்கவில்லை. அந்த 14 பேரிலும் பெரும்பாலோர் போனது பிறந்த வீட்டுக்கு. காவல்துறையை நாடியவர்கள் அவர்களில் பத்து சதவீதம்கூட இல்லை. கணக்குப் போட்டால் நூறு பேரில் ஒருத்தி, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல்.

யார் செய்தது என்ற பகுதியையும் அதே ஆய்வில் படிக்க வேண்டும். திருமணமான பெண்கள் அனுபவித்த பாலியல் வன்முறையில், வேறு யாரும் கிட்டே வர முடியாத அளவுக்கு முதலிடத்தில் இருப்பவன் கணவன். ஆனால் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, 18 வயது நிறைந்த மனைவியைக் கணவன் வற்புறுத்தி உறவுகொள்வதை வல்லுறவாக ஏற்பதில்லை. பிரிந்து வாழும் மனைவிக்கு மட்டும் 67ஆம் பிரிவு இருக்கிறது. ஆகவே அவள் துணிந்து ஸ்டேஷனுக்குப் போனாலும் அந்தப் பெயரில் எழுத வழக்கு இல்லை. இந்த விலக்கு நீங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அது பாலியல் கொடுமையையும் வன்முறையாகவே பார்க்கிறது. மாவட்ட சமூக நல அலுவலகம் போய்ப் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்தால், நடுவர் நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும் அதே வீட்டில் வசிக்கும் உத்தரவும் கேட்கலாம். என்னிடம் வரும் பெண்களில் பலருக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரிவதில்லை.

கணவன் அல்லாதவர்கள் செய்யும் குற்றத்திலும் ஆள் பெரும்பாலும் தெரிந்தவன்தான். 2022இல் நாடு முழுவதும் பதிவான வல்லுறவு வழக்குகள் 31,516. சமீப ஆண்டுகளில் இந்த வழக்குகளில் நூற்றுக்கு 95க்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர். மாமன் மகன், பக்கத்து வீட்டுக்காரர், வேலை கொடுத்த முதலாளி. "தங்கச்சி கல்யாணம் நின்னு போயிடும்", "அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு" என்று வீட்டுக்குள்ளேயே புகார் முடிந்துவிடுகிறது.

அதையும் தாண்டி வருகிறவளை ஸ்டேஷனில் சமாதானம் பேசி அனுப்புவது இன்றும் நடக்கிறது. "விசாரிச்சுக் கூப்பிடறோம்மா" என்று சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுப்பார்கள். வழக்கு பதிவாகிவிட்டது என்று நம்பி அதை மடித்துப் பத்திரமாக வைத்திருந்து, மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டும்தான். எஃப்.ஐ.ஆர். வேறு. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும். வல்லுறவுப் புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம்; "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பெண் போலீஸ்தான் எழுத வேண்டும். அவள் வீட்டுக்கே வந்தும் வாக்குமூலம் வாங்கலாம். பதிய மறுக்கும் அதிகாரிக்கு அதே நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போடுங்கள். அங்கும் அசைவில்லை என்றால் நீதிமன்றம் இருக்கிறது.

பெயர் வெளியே போய்விடுமோ என்ற பயத்தை வீண் பயம் என்று என்னால் சொல்ல முடியாது. 2019இல் பொள்ளாச்சி வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் காவல்துறை மூலமே வெளியானது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது. கசிந்த பெயரை அந்தப் பணம் திரும்ப உள்ளே எடுத்து வைக்காது. அடுத்து புகார் கொடுக்க நினைத்திருந்த எத்தனை பேர் அந்த வாரம் மனதை மாற்றிக்கொண்டார்களோ. ஆனாலும் இரண்டு வழக்கும் தீர்ப்பு வரை போயின. பொள்ளாச்சியில் 2025 மே மாதம் ஒன்பது பேருக்குச் சாகும்வரை ஆயுள். அண்ணா பல்கலைக்கழக வழக்கில் ஐந்தே மாதத்தில் விசாரணை முடிந்து, குறைந்தது 30 ஆண்டு சிறை.

தாமதமாகிவிட்டதே என்று தயங்குகிறவர்களுக்கு: வல்லுறவுக்குக் காலவரம்பு கிடையாது. குடும்ப மானத்தை நினைத்துத் தயங்குவது இயல்பு, அதற்காகப் புகாரைச் சந்தேகிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1996லேயே குர்மீத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு மட்டும் தாமதிக்க வேண்டாம். புகார் கொடுப்பதா என்று முடிவாகாவிட்டாலும் போங்கள். அரசு, தனியார் எதுவானாலும் முதல் சிகிச்சை இலவசம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆஸ்பத்திரி போலீசுக்குத் தகவல் சொல்லும், அது சட்டம். அதற்காக அவள் வாக்குமூலம் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. விருப்பமில்லை என்றால் மருத்துவர் அதை எழுதிக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டும். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துப் போங்கள். குளித்துவிட்டாள், துணியைத் துவைத்துவிட்டாள் என்றாலும் அழைத்துப் போங்கள், வழக்கு அதனால் அழிந்துவிடாது. துணைக்கு யாரும் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.