அப்பர்ச்சர்: தமிழில் அது கண்

கல்யாண மண்டபத்தில் மேடைக்கு எதிரே இரண்டு பேர் கேமராவோடு நிற்கிறார்கள். வீடியோ விளக்கு மணப்பெண்ணின் பட்டில் பட்டுக் கூசுகிறது. "அப்பர்ச்சரைக் கொஞ்சம் குறைப்பா" என்கிறார் மூத்தவர். தொழிலுக்குப் புதிதாக வந்தவர் 5.6 என்று இருந்ததை 4 ஆக்குகிறார். சரிகை வெள்ளை வெளேரென்று வெளுத்துப்போகிறது. மூத்தவர் குறைக்கச் சொன்னது லென்ஸில் ஒளி நுழையும் துளையை. புதியவர் குறைத்தது அதன் அளவைக் காட்டும் எண்ணை. எண் குறைந்தால் துளை பெரிதாகும். கேமரா தானாக ஈடு செய்யாத மேனுவல் மோடில் இருந்ததால், 8க்குப் போயிருந்தால் வந்திருக்கும் ஒளியைப்போல நான்கு மடங்கு உள்ளே போய்விட்டது.

வேலூர், ஆற்காடு, குடியாத்தம் என்று எந்த ஊர் மண்டபத்திலும் நடக்கக்கூடிய குழப்பம் இது. ஏற்று, இறக்கு, கூட்டு, குறை என்று எப்படிச் சொன்னாலும் தீராது. ஏனென்றால் அப்பர்ச்சர் என்ற ஒலியில் நம் காதுக்கு எந்தப் படமும் வருவதில்லை.

அந்தச் சொல் பிறந்த இடத்தில் படம் இருந்தது. லத்தீனில் 'அபெரீரே' என்றால் திற. அதிலிருந்து 'அபெர்த்தூரா', அதாவது திறப்பு. பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் லென்ஸின் அப்பர்ச்சரைத் தங்கள் மொழியில் திறப்பு என்றுதான் சொல்கிறார்கள். கதவு திறப்பதற்கும் கச்சேரி தொடங்குவதற்கும் அதே சொல்தான். ஆக, அப்பர்ச்சர் ஒரு பாகத்தின் பெயரன்று. லென்ஸுக்குள் இருக்கும் பாகம், ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் மெல்லிய தகடுகள். அவற்றை இதழ்கள் என்று சொல்லலாம். பல லென்ஸ்களில் ஏழு இருக்கும். இதழ்கள் விரிந்து சுருங்கும்போது நடுவே மிஞ்சும் வெற்றிடமே அப்பர்ச்சர்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? இடைவெளி என்று எழுதுவோர் உண்டு. அது பொருந்தாது, இடைவெளி இரண்டு பொருள்களுக்கு நடுவே இருப்பது. துவாரம் பொருந்தும்தான், ஆனால் வடசொல், அளவு மாறாத ஓட்டையையே நினைவூட்டும். ஒளித்துளை நல்ல சொல், படித்ததும் புரிகிறது, கட்டுரையில் தாராளமாக எழுதலாம். ஆனாலும் துளை விரியாது, சுருங்காது. துளைத்தால் துளைத்ததுதான்.

துளைக்கும், விரிந்து சுருங்கும் வழிக்கும் தமிழ் வைத்த பெயர் கண். மதகுக்குக் கண் உண்டு, பாலத்துக்குக் கண் உண்டு, சல்லடைக்கும் வலைக்கும் தேங்காய்க்கும் கண் உண்டு. கட்டி பழுத்தால் கண் திறக்கிறது. ஏரிப் பாசனத்தில் வாழ்ந்த வட ஆற்காட்டுக்காரருக்கு மதகுக் கண் புதிதல்ல. கண் பெரிதாக இருந்தால் சற்று நேரத்தில் வயல் நிறையும், சிறிதாக இருந்தால் நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும். கேமராவில் கண்ணின் அகலம் அப்பர்ச்சர், திறந்து வைக்கும் நேரம் ஷட்டர். ஏரியில் ஷட்டர் என்று நாம் சொல்வது அகலத்தைக் கட்டுப்படுத்தும் பலகையை என்பதையும் இங்கே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு இடத்திலும் அதே சொல், வேலை வேறு.

உடம்பில் இருக்கும் கண்ணும் இதற்குத் துணை நிற்கிறது. கருவிழியின் நடுவே இருக்கும் துளையை நாம் பாவை என்கிறோம், பேச்சில் கண் பாப்பா. லத்தீனிலும் அதற்குப் பெயர் குட்டிப் பொம்மைதான். 'பியூப்பில்' என்ற ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. எதிரே இருப்பவர் கண்ணுக்குள் நம் உருவம் பொம்மைபோலத் தெரிவதைப் பார்த்து, தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே பெயரை வைத்திருக்கின்றன. கிட்டப்பார்வை உள்ளவர் கண்ணாடி இல்லாமல் வேலூர் பஸ் நிலையத்தில் தூரத்துப் பஸ்ஸின் ஊர்ப்பெயரைப் படிக்க என்ன செய்கிறார்? கண்ணைச் சுருக்குகிறார். எழுத்து கொஞ்சம் தெளிகிறது. இமை இடுங்கி ஒளி நுழையும் வழி சிறுத்ததால், மங்கலாகப் பரவியிருந்த உருவம் ஒடுங்கிவிட்டது. லென்ஸிலும் இதே காரணத்தால்தான் சிறிய கண் அதிக ஆழத்துக்குத் தெளிவு தருகிறது.

ஆகவே எழுத்தில் ஒளிக்கண், பேச்சில் வெறும் கண். "கண்ணைத் திற", "கண்ணைச் சுருக்கு" என்று சொல்லிவிட்டால் மண்டபத்துக் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இனி எண். எஃப் 4, எஃப் 8 என்பவை முழு எண்கள் அல்ல, பின்னங்கள். எஃப் என்பது லென்ஸின் குவியத் தூரம், 50 மி.மீ. என்பதுபோல லென்ஸில் எழுதியிருப்பது. கண்ணின் அகலம் அதில் எத்தனையில் ஒரு பங்கு என்பதையே அந்த எண் சொல்கிறது. இதற்கு நம்மிடம் கைப்பழக்கமான பெயர்கள் இருக்கின்றன: எஃப் 2 அரை, எஃப் 4 கால், எஃப் 8 அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு), எஃப் 16 வீசம் (பதினாறில் ஒரு பங்கு). 50 மி.மீ. லென்ஸில் அரை என்றால் 25 மி.மீ. அகலக் கண், கால் 12.5, அரைக்கால் 6.25, வீசம் 3 மி.மீ.க்குச் சற்றே மேல். அரையைவிட வீசம் சிறியது என்பதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எண் ஏறினால் கண் ஏன் சிறுக்கிறது என்ற கேள்வியே எழாது.

1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்ற வரிசையில் ஒவ்வொரு படிக்கும் எண் ஏறத்தாழ 1.4 மடங்காகிறது, கண்ணின் பரப்பு பாதியாகிறது, ஒளியும் பாதியாகிறது. இந்தப் படிக்கு ஸ்டாப் என்று பெயர். 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் என்பவர் வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை லென்ஸில் செருகி ஒளியைத் தடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஒளியைத் தடுப்பது என்ற பொருள்தான் ஸ்டாப்பில் இருக்கிறது.

கையால் செய்து பார்த்தால்தான் கண்ணின் வேலை மனத்தில் நிற்கும். இலவம்பாடி முள் கத்திரிக்காய் மூன்று எடுங்கள். காம்பில் இருக்கும் முள் கூர்மையாகத் தெரிகிறதா என்று பார்த்தே தெளிவை அளக்கலாம். ஜன்னல் ஓர மேஜையில், ஒன்றின் பின் ஒன்றாக, பத்து செ.மீ. தள்ளித் தள்ளி, சற்றே சாய்வரிசையில் வையுங்கள். 18-55 மி.மீ. ஜூம் லென்ஸை 55இல் நிறுத்தி, நடுக் காயிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கேமராவை ஸ்டூலின்மேல் வையுங்கள். மோடை ஏ அல்லது ஏவிக்குத் திருப்புங்கள், கண்ணை நாம் வைத்தால் ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 400 இருக்கட்டும், அதைக் கேமராவே மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓ கூடாது. நடுக் காயின் முள்ளில் ஃபோகஸ் செய்து, இரண்டு விநாடி டைமர் வைத்து எஃப் 5.6இல் ஒரு படம், 16இல் ஒரு படம்.

முதல் படத்தில் ஏறத்தாழ ஏழு செ.மீ. ஆழம் மட்டும் தெளிவாக இருக்கும். முன் காயும் பின் காயும் கரைந்திருக்கும். இரண்டாவதில் ஆழம் இருபது செ.மீ.யைத் தொடும், மூன்று காயின் முள்ளையும் எண்ணலாம். ஆனால் 5.6க்கும் 16க்கும் நடுவே மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்கு ஒளி. 5.6இல் அறுபதில் ஒரு விநாடி போதுமென்றால் 16இல் எட்டில் ஒரு விநாடி வேண்டும். இதைக் கையில் பிடித்து எடுத்தவர்களுக்குப் படம் முழுக்க ஆடிப்போயிருக்கும். கண்ணைச் சுருக்கினால் தெளிவு கெடுகிறது என்று தலைகீழாக முடிவு கட்டுவார்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை விட்டுவைத்தவர்களுக்கு அது 3200க்குத் தாவிப் படத்தில் மணல் தூவியிருக்கும். கெடுத்தது கண்ணன்று, கண்ணுக்கு ஈடு செய்த ஷட்டரும் ஐஎஸ்ஓவும்.

வியூஃபைண்டரில் இந்த மாற்றம் தெரியாததும் பலரைக் குழப்பும். டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பார்க்கும் நேரமெல்லாம் கண்ணை முழுக்கத் திறந்தே வைத்திருக்கும். பொத்தானை அழுத்தும் கணத்தில்தான் சுருக்கும்.

22க்கும் போய்ப் பாருங்கள். ஆழம் கூடும், ஆனால் முள் கொஞ்சம் மழுங்கும். மிகச் சிறிய கண்ணின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் வருவது அது. 24 மெகாபிக்சல் கேமராவில் 11ஐத் தாண்டினால் அது தலைகாட்டத் தொடங்கும். 16லும் 22லும் வானத்தில் சாம்பல் பொட்டுகள் தெரிந்தால் அது சென்சார் தூசி. பெரிய கண்ணில் நிழல் கரைந்து மறைந்திருந்தது, சிறிய கண் காட்டிக்கொடுத்துவிட்டது.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் போன்ற மங்கலான இடத்தில், அனுமதி கேட்டுக்கொண்டு, 55இல் தூர நின்று எடுப்பதைவிட 18இல் தூணை நெருங்கி எடுங்கள். இந்த லென்ஸ் 18இல் எஃப் 3.5 வரை கண் திறக்கும், 55இல் 5.6 வரைதான். இரண்டரை மடங்கு ஒளி வித்தியாசம்.

வானியலார் இதே அப்பர்ச்சரை வேறு பொருளில் சொல்வார்கள். அவர்களுக்கு அது கண்ணின் அகலம் மட்டுமே. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியின் அப்பர்ச்சர் 2.34 மீட்டர், அதாவது ஆடியின் விட்டம். அதன் முதன்மைக் குவியத்தில், அதாவது ஆடி நேரடியாக ஒளியைக் குவிக்கும் இடத்தில், எஃப் எண் 3.25, நம் 18-55 லென்ஸுக்கு மிக அருகில். ஆனால் 18 மி.மீ.இல் நம் கண் 5 மி.மீ. அகலந்தான். மங்கிய நட்சத்திரத்தைப் பிடிப்பதை எஃப் எண்ணைவிடக் கண்ணின் அகலமே தீர்மானிக்கிறது. அந்த மலையில் இரவு வானத்தை எடுக்கப் போகிறவர் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் கொண்டுபோகட்டும். அதன் கண் 28 மி.மீ. விரியும், ஷட்டரை மட்டும் ஆறு விநாடிக்குமேல் விட வேண்டாம், நட்சத்திரம் கோடாகிவிடும்.