தியானத்துக்குத் தமிழில் என்ன சொல்?

யோகா வகுப்பின் கடைசிப் பத்து நிமிடம். “கண்ணை மூடுங்க, எதையும் நினைக்காதீங்க” என்பார் ஆசிரியர். நினைக்காமல் இருப்பதுதான் தியானம் என்று பலர் மனத்தில் பதிந்தது இப்படித்தான். சொல்லின் பொருளோ இதற்கு நேர்மாறு.

தியானம் வடசொல். வேர் ‘த்யை’, ஆழ்ந்து நினைத்தல் என்று பொருள். பௌத்தத்தோடு சீனத்துக்குப் போய் ‘சான்’ ஆனது, அப்புறம் ஜப்பானில் ‘ஜென்’ ஆனது. யோகத்துக்குப் பதஞ்சலி முனிவர் சொன்ன எட்டு உறுப்புகளில் இது ஏழாவது. ஆறாவதான தாரணை, மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது. நிறுத்திய இடத்திலேயே நினைவு அறுபடாமல் ஓடினால் அது தியானம்.

இந்த ஓட்டத்துக்கு ராமானுஜர் காட்டும் உவமை எண்ணெய் ஒழுக்கு. தண்ணீரை ஊற்றினால் சிதறும், சலசலக்கும். நல்லெண்ணெயைக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றிப் பாருங்கள். ஒரே இழையாக இறங்கும், சத்தமே இருக்காது. மன அமைதி என்று நாம் தேடி அலைவது அந்தச் சத்தமின்மையைத்தான். நினைவை விரட்டி அதைப் பெற முடியாது. நினைவு ஒரே இழையாகும்போது தானே வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? வேதாத்திரி மகரிஷியின் யோகப் பயிற்சியான மனவளக்கலை பயின்றவர்கள் ‘தவம்’ என்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அகலமானது. தனக்கு வந்த துன்பத்தைப் பொறுப்பதும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாததுமே தவத்தின் வடிவம் என்கிறது குறள். கண்மூடி உட்காருவது அதில் ஒரு சிறு பகுதியாகவே இருக்க முடியும். ‘நிட்டை’ வடமொழி நிஷ்டையின் தமிழ் வடிவம். தனித்தமிழ் ஆர்வலர்கள் எழுதும் ‘ஊழ்கம்’ இன்னும் பேச்சுக்கு வரவில்லை.

என் தேர்வு ‘உள்குதல்’. இடைவிடாமல் நினைத்தல் என்பதே அதன் பொருள். ‘உள்’ளும் ‘உள்ளம்’ என்பதும் அந்த ஒலியிலேயே கேட்கின்றன. யாரும் புதிதாக ஆக்கித் தர வேண்டாம். ஏழாம் நூற்றாண்டிலேயே அப்பர் பாடிவிட்டார்:

“உள்குவார் உள்கிற்றெல்லாம் உடனிருந்து அறிதி என்று
வெள்கினேன் வெள்கி நானும் விலா இறச் சிரித்திட்டேனே.”

நான்காம் திருமுறையில் வரும் அடிகள். கள்ளத் தொண்டு செய்தே காலத்தைக் கழித்துவிட்டேன் என்று தொடங்குகிறது பாட்டு. உள்குகிறவர் எதை உள்கினாலும், இறைவன் கூடவே இருந்து அறிகிறான். அது புரிந்ததும் வெட்கம்; வெட்கத்தோடு, விலா நோக வரும் சிரிப்பு.

உட்கார்ந்த அரை நிமிடத்தில் மனம் மளிகைக் கணக்குக்குப் போய்விடுகிறது, எனக்கெல்லாம் தியானம் வராது என்று வருந்துகிறவர்களுக்கு நான் சொல்லிக் காட்டுவது இந்த இரண்டு அடிகளைத்தான். உட்காரும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.