பழைய கார் வாங்கினால் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்

28 ஆண்டுகளாகப் பொள்ளாச்சிப் பக்கம் கார் பட்டறை வைத்திருக்கிறேன். இதுவரை ஐந்து கார்கள் வாங்கி ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் புதிதில்லை. முதல் கார், இரண்டு கை மாறி வந்த மாருதி 800. கையில் இருக்கும் பணத்துக்கு நல்ல வண்டி கிடைக்கும் என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன். ஆனால் வாங்க வருபவர்கள் பெயின்ட்டையும் ஏசியையும் சீட் கவரையும் பார்க்கிறார்களே தவிர, பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறக்கச் சொல்வதில்லை. இது என்னை மிகவும் கவலைப்பட வைக்கிறது.

வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்கும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். என் இரண்டாவது காரில் குடும்பத்தோடு இறங்கியபோது, பாதி வளைவுகளைத் தாண்டியதும் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விட்டது. முதல் கியருக்கு மாற்றி, கைப் பிரேக்கை மெல்ல இழுத்து ஓரங்கட்டினேன். முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தபோது பெடல் கல் போல நின்றது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. "நேற்று பிரேக் பிடிக்கவில்லை அண்ணா, இன்று சரியாகிவிட்டது" என்று வருபவர்கள் பலர். எதுவும் சரியாகவில்லை, ஆறியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிரேக் ஆயில் என்று சொல்கிறோமே தவிர, அது எண்ணெய் அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 3 என்ற வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதித்தால் அந்தச் சூடு எளிதாக ஏறிவிடும். உள்ளே ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சக்கரத்துக்கு விசை போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும்.

பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்குவதும், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவதும் இந்தப் பக்கம் நிறைய நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இன்ஜின் இழுத்துப் பிடிக்க வேண்டிய வேகம் முழுவதும் பிரேக் மீது விழும். அணைத்துவிட்டால், நம் மிதியின் விசையைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டரின் உதவியும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

வண்டி கைக்கு வந்த வாரமே மெக்கானிக்கிடம் விடுங்கள். அளவு குறைந்திருந்தால் மேலே ஊற்றி நிரப்புவது போதாது. சக்கரத்தில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் பேட் தேய்ந்தாலும் அளவு இறங்கும், பேடையும் பார்க்க வேண்டும். பழையதை முழுவதும் வெளியேற்றி, நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்து (பிரேக் குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி), மூடியில் போட்டிருக்கும் வகையையே ஊற்றச் சொல்லுங்கள். புதுப் பாட்டிலின் சீலை உங்கள் கண்முன் உடைக்க வேண்டும். பாதி தீர்ந்து மாதக்கணக்கில் அலமாரியில் இருந்ததை ஏற்காதீர்கள். ஒரு மணி நேர வேலை. இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் மாற்றுங்கள்.