கை ஏன் காலை முந்துகிறது?

கடலூர் வாசகி ஒருவரின் கேள்வி: "பாண்டிச்சேரியில மாலுக்குப் போறப்பல்லாம் பார்க்கிறேன். எஸ்கலேட்டர்ல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, மேல போய்ச் சேர்றதுக்குள்ள கை முன்னாடி போயிடுது, உடம்பு பின்தங்கிடுது. ரெண்டையும் ஓட்டுறது ஒரே மிஷின்தானே?"

ஒரே மிஷின்தான். ஆனால் படிகளை இழுப்பது சங்கிலி. பல்சக்கரத்தில் மாட்டியிருப்பதால் அது நழுவ வழியில்லை. கைப்பிடியோ ரப்பர் வார். உள்ளே எஃகுக் கம்பிகள், அடியில் வழுக்குவதற்காக ஒரு துணிப்படலம். அதற்குப் பல்லும் கிடையாது, சங்கிலியும் கிடையாது. ரப்பர் பூசிய சக்கரம் ஒன்று அழுத்தித் தேய்த்தே அதை ஓட்டுகிறது. உராய்வால் ஓடும் பொருள் கடிகாரம்போலத் துல்லியமாக ஓடாது. அதனால் தரவிதிகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன: கைப்பிடி படியின் வேகத்திலேயே ஓடலாம், அல்லது 2 சதவீதம் வரை முந்தலாம், பின்தங்கக் கூடாது. கை பின்னால் இழுபட்டால் ஆள் மல்லாக்க விழுவார் என்ற கணக்கு அது. 10 மீட்டர் சாய்வில் 2 சதவீதம் என்றால் 20 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண். வாசகி பார்த்தது அதைத்தான்.

கைப்பிடியைவிடப் படிதான் பெரிய விந்தை. அதற்கு முன், மாலுக்கும் இந்த இயந்திரத்துக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடலாம்.

தரைத்தளக் கடைக்கு வாடகை அதிகம், மாடிக்குக் குறைவு. நேரு வீதியில் கடை தேடிய யாருக்கும் இது தெரியும். வாடிக்கையாளர் படி ஏற யோசிப்பார். குபேர் அங்காடி, அதாவது நம்ம பெரிய மார்க்கெட், தரையிலேயே பரந்து கிடக்கிறது; மீன் வாங்க யாரும் மாடி ஏறமாட்டார்கள். மால் என்பது இந்தக் கணக்கை மாற்றிப் போட்ட கட்டடம். வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன் வடிவமைத்த சவுத்டேல் சென்டர், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து எடினாவில் 1956 அக்டோபர் 8 அன்று திறந்தது. முழுக்க மூடி, உள்ளே குளிரும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட முதல் மால் என்று அதைத்தான் சொல்வார்கள். 72 கடைகள், இரண்டு தளங்கள். அங்கே உறைபனிக்கு ஒதுங்க மால், இங்கே சித்திரை வெயிலுக்கு. ஆனால் மாடிக் கடைக்கும் தரைக் கடைக்கும் ஒரே மாதிரி கூட்டம் வர வேண்டுமானால், ஏறுகிறோம் என்ற நினைப்பே வராமல் ஆளை ஏற்ற வேண்டும். லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும், எஸ்கலேட்டருக்கு வேண்டாம். ஒரு மீட்டர் அகலப் படி, வினாடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் மணிக்கு 6,000 பேர் வரை ஏறலாம் என்கிறது தரவிதி. முதல் மாடியில் இறங்கிய பிறகு அடுத்த எஸ்கலேட்டரைப் பிடிக்க அரைச் சுற்று நடக்க வைக்கிறார்களே, அது கட்டடக்காரரின் மறதி இல்லை. வழியில் பத்துக் கடை இருக்கிறது.

இயந்திரம் மாலைவிட மிகப் பழையது. ஜெஸ்ஸி ரெனோ 1892இல் காப்புரிமை பெற்றார். 1896இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் அது ஒரு வேடிக்கைச் சவாரியாக ஓடியது. அதில் படியே இல்லை, வரிவரியான பள்ளங்கள் கொண்ட சாய்வான பட்டை மட்டும். சார்லஸ் சீபெர்கர் தட்டையான படிகளோடு இன்னொன்று செய்தார். ஓடிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1900 பாரிஸ் கண்காட்சியில் அதை வைத்துப் பரிசும் வாங்கினார். எஸ்கலேட்டர் என்ற பெயரும் அவர் வைத்ததே. ஆனால் அவருடைய படி வழவழப்பானது. மேலே போய்ச் சேர்ந்ததும் குறுக்கே ஒரு தடுப்பு இருக்கும், பக்கவாட்டில் இறங்க வேண்டும். ரெனோவின் பள்ளங்களையும் சீபெர்கரின் படியையும் 1920களில் ஓடிஸ் ஒன்றாக்கியபோதுதான் இன்று நாம் மிதிக்கும் எஸ்கலேட்டர் பிறந்தது.

இனி படி. ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஜோடி உருளைகள். மேல் ஜோடி, இருபுறமும் ஓடும் சங்கிலியோடு பிணைந்தது. கீழ் ஜோடி யாரும் இழுக்காமல் பின்தொடர்வது. இரண்டு ஜோடிக்கும் தனித்தனித் தண்டவாளம். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமியைத் தூக்கி வருவதைக் கவனித்தவர்களுக்கு மீதி தானாகப் புரியும். மணல் சரிவில் இறங்கும்போது முன்னால் தாங்குபவர்கள் தண்டை உயர்த்துவார்கள், பின்னால் இருப்பவர்கள் தாழ்த்துவார்கள். சரிவு இருக்கும், சாமி சாயாது. எஸ்கலேட்டரில் அந்த ஆட்களின் வேலையை இரண்டாவது தண்டவாளம் செய்கிறது.

அந்தத் தண்டவாளத்தின் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கே தேவையில்லை. ஒரு பொருள் கொஞ்சமும் சுழலாமல் நகர்ந்தால், அதன் எல்லாப் புள்ளிகளும் ஒரே வடிவக் கோட்டில்தான் போகும். ஆகவே முதல் தண்டவாளத்தின் வளைவை அப்படியே நகலெடுத்து, இரண்டு உருளைகளுக்கும் உள்ள இடைவெளி அளவுக்குத் தள்ளி வைத்தால் அதுவே இரண்டாவது. சென்சார், கணினி எதுவும் இல்லாமல், இரும்பை வளைத்த விதத்திலேயே படி மட்டமாக நிற்கிறது.

இதில் இன்னொரு நுணுக்கம். பக்கத்துப் பக்கத்துப் படிகளுக்கு இடையே சங்கிலி நீளம் ஏறக்குறைய 40 செ.மீ. தட்டையான பகுதியில் படிகள் 40 செ.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்கும். 30 பாகைச் சாய்வுக்கு வந்ததும் அதே 40 செ.மீ. சாய்வில் கிடக்கிறது. உயரம் 40 பெருக்கல் சைன் 30, அதாவது 20 செ.மீ. கிடைமட்டம் 40 பெருக்கல் காஸ் 30, ஏறக்குறைய 35 செ.மீ. மிச்சம் 5 செ.மீ. எங்கே போனது? மேல்படியின் முகப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டது. படியின் முகப்பு நேராக இல்லாமல் உள்வாங்கி வளைந்திருப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். பக்கத்துப் படி விலகும் பாதை 40 செ.மீ. ஆரமுள்ள வட்டவில். முகப்பும் அதே வில். நேர்ச்சுவராக இருந்தால் ஒன்று படிகள் இடித்துக்கொள்ளும், இல்லையென்றால் கால் நுழையும் அளவுக்குச் சந்து விழும்.

வீட்டு மாடிப்படியின் உயரம் 15 முதல் 18 செ.மீ. நின்றுபோன எஸ்கலேட்டரில் ஏறினால் முட்டி வலிப்பது இந்த 20 செ.மீ.யால்தான். இரு முனைகளிலும் படியுயரம் மாறிக்கொண்டே போவதால் தடுக்கவும் செய்யும்.

சுமையைப் பார்ப்போம். 10 மீட்டர் சாய்வில் 25 படிகள். படிக்கு ஒருவர், ஆளுக்கு 60 கிலோ என்றால் 1,500 கிலோ. செங்குத்து வேகம் வினாடிக்கு 0.25 மீட்டர். 1,500 x 9.8 x 0.25, ஏறக்குறைய 3.7 கிலோவாட். உராய்வு தனி. இறங்கும் எஸ்கலேட்டரில் இதே கூட்டம் மோட்டாரைத் தள்ளுகிறது. நான்கு துருவ இன்டக்‌ஷன் மோட்டாரின் ஒத்தியங்கு வேகம், அதாவது அதற்குள் மின்சாரம் காந்தப்புலத்தைச் சுழற்றும் வேகம், நிமிடத்துக்கு 1,500 சுற்று. கூட்டம் அதைத் தாண்டித் தள்ளியதும் மோட்டார் ஜெனரேட்டராகி, தானே பிரேக் போட்டபடி மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. கரன்ட் போனால் என்ன ஆகும்? பிரேக்கைத் திறந்து பிடித்திருப்பது மின்காந்தம். அது செத்ததும் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். ஆனால் சட்டென்று நின்றால் நிற்கிறவர்கள் குப்புற விழுவார்கள். அதனால் நிற்கும் தூரம் 20 செ.மீ.க்குக் குறையவும் கூடாது, 1 மீட்டரைத் தாண்டவும் கூடாது. கரன்ட் வந்தாலும் தானாக ஓடாது. ஊழியர் வந்து, படியில் ஆள் இல்லை என்று பார்த்து, சாவி திருப்ப வேண்டும்.

விபத்து நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, முனையில் உள்ள மஞ்சள் சீப்பு. அதன் பற்கள் படியின் 5 முதல் 7 மி.மீ. அகலப் பள்ளங்களில் பொருந்தி ஓடும். ஒரு பல் உடைந்தால் அந்த இடைவெளி புடவைத் தலைப்புக்கும் குழந்தை விரலுக்கும் போதும். பெரிதாக ஏதாவது சிக்கினால் சீப்புத் தகடு நகர்ந்து சுவிட்சைத் தட்டி ஓட்டத்தை நிறுத்திவிடும். மற்றொன்று பக்கவாட்டுத் தகடு. படிக்கும் அதற்கும் இடைவெளி ஒரு பக்கம் 4 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. மெத்தென்ற ரப்பர் செருப்பு அதில் உரசினால் ஒட்டிக்கொண்டு உள்ளே இழுபடும். ஓரத்தில் இருக்கும் பிரஷ் செருப்புத் துடைக்க வைத்ததில்லை, காலைத் தள்ளி நிறுத்த வைத்தது. சிக்கினால் இழுத்துப் போராடாமல், கீழும் மேலும் உள்ள சிவப்பு பட்டனை அருகில் நிற்பவர் அழுத்த வேண்டும்.

கடற்கரை ஊருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பீச்சில் நடந்துவிட்டு நேராக மாலுக்கு வரும் செருப்பிலிருந்து மணல் படியின் பள்ளத்தில் விழும், அங்கிருந்து எஸ்கலேட்டருக்கு அடியில் உள்ள குழிக்குப் போகும். சங்கிலி எண்ணெயோடு சேர்ந்தால் அது உப்புத்தாள் மாதிரி. சங்கிலிக் கண்ணிகளைக் கோக்கும் ஊசியும் அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற குழாயும் தேயத் தேயச் சங்கிலி நீளும், படிகளுக்கிடையே சந்து விழும். குழியைக் கூட்டிச் சுத்தம் செய்வது பராமரிப்பு அட்டவணையில் சின்ன வேலைதான், அதைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள். ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைப்பதில் தப்பேதும் இல்லை. திருஷ்டிப் பூசணியை மட்டும் அதன் வாசலில் உடைக்க வேண்டாம். அங்கே நாம் மிதிக்கும் தரைத் தகட்டுக்குக் கீழே மின்சுவிட்சுகள் இருக்கின்றன, தண்ணீர் அங்கே இறங்கும். பூசணிக்குச் செலவழிக்கும் அக்கறையில் பாதி குழிக்குப் போனாலே போதும் என்பது என் கருத்து.

கைப்பிடிக்கே வருவோம். ஓட்டும் சக்கரத்தின் ரப்பர் தேயத் தேய அதன் விட்டம் குறைகிறது. விட்டம் 1 சதவீதம் குறைந்தால் கைப்பிடி வேகமும் 1 சதவீதம் குறையும். புதிதாக மாட்டும்போது சற்று முந்தும்படி வைப்பது இதற்காகவும்தான். அடுத்த முறை ஏறும்போது, கால் நேருக்கு நேராகக் கையை வைத்துப் பாருங்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் ஒரு சாண் வரை முந்தினால் கவலையில்லை. கை பின்னால் போய்விட்டால், இறங்கியதும் அங்கே நிற்கும் செக்யூரிட்டியிடம் சொல்லுங்கள்: "கைப்பிடி பின்தங்குது, டெக்னீஷியனைக் கூப்பிடுங்க."