மூன்றாம் வகுப்புப் பிள்ளை 'அரும்பு' நிலையில் இருந்தால்?

மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்து "டீச்சர் என்னை அரும்புல உட்கார வச்சிருக்காங்க" என்றால் பெற்றோருக்குப் பகீர் என்கிறது. வகுப்பு இறக்கிவிட்டார்களோ என்ற பயம். அப்படி எதுவும் இல்லை. வகுப்பு அதேதான், பயிற்சிதான் வேறு.

அரும்பு, மொட்டு, மலர் ஆகிய மூன்றும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் உள்ள கற்றல் நிலைகள். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இதைத் தொடங்கிவைத்தார். அந்த ஆண்டு மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் ஒன்றாம் வகுப்பு, கொரோனாவில் பள்ளி திறக்காமலேயே போயிருந்தது. 2025-க்குள் 8 வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3 வரை, 2023-24 முதல் 4, 5 வகுப்புகளுக்கும். அரசுப் பள்ளிகள், அரசு உதவி பெறும் பள்ளிகள் இரண்டிலும் உண்டு.

நிலைகளைத் தோராயமாக இப்படிப் புரிந்துகொள்ளலாம்: ஒன்றாம் வகுப்புத் திறன் அரும்பு, இரண்டாம் வகுப்புத் திறன் மொட்டு, மூன்றாம் வகுப்புத் திறன் மலர். ஒரே அறையில் மூன்று நிலைப் பிள்ளைகளும் இருப்பார்கள். பாட்டும் கதையும் எல்லோருக்கும் பொது. அப்புறம் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி.

எழுத்துப்பிழை விஷயத்தில்தான் இந்தப் பிரிவின் அருமை தெரியும். ஒரு பிள்ளை 'வாளைப்பழம்' என்று எழுதுகிறது. வாளை மீனுக்குப் பழம் ஏது என்று நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதற்கு எழுத்து தெரியும், சொல்லும் தெரியும். ள, ழ ஒலிகள்தான் மயங்குகின்றன. இன்னொரு பிள்ளை 'கொடி' என்பதற்கு ஒற்றைக்கொம்பு மட்டும் போட்டு, துணைக்காலை விட்டு 'கெடி' என்று எழுதுகிறது. அதற்கு உயிர்மெய்க் குறியே இன்னும் பிடிபடவில்லை. இருவரையும் "பத்து தடவை எழுது" என்று உட்கார வைத்தால் முதல் பிள்ளைக்குச் சலிப்புதான் மிஞ்சும், இரண்டாவது பிள்ளை தப்பையே பத்து தடவை எழுதும். முதல் பிள்ளைக்கு வேண்டியது வாய்விட்டுச் சொல்லிக் கேட்கும் பயிற்சி, மற்றதற்குக் குறிகளைச் சேர்த்துப் பிரிக்கும் பயிற்சி.

இலக்கணத்துக்கு இந்த வயதில் அவசரம் வேண்டாம். நான்கு, ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'கற்கண்டு' என்ற பகுதியில் அது சிறிது சிறிதாக வருகிறது. வீட்டில் நன்னூல் சூத்திரம் ஒப்பிக்க வைப்பதெல்லாம் வீண் வேலை.

பாடம் நடக்க நடக்கவே வளரறி மதிப்பீடு, பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடு. பள்ளிக்குப் போகும்போது "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் "நல்லா படிக்கிறான்" என்ற பதில்தான் வரும். "எந்த எழுத்தில் தடுமாறுகிறான்? அதற்கு என்ன பயிற்சி கொடுக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பயிற்சி நூலைத் திறந்து காட்டச் சொல்லலாம், தவறில்லை.

இது சலுகை அல்ல. கல்வி உரிமைச் சட்டம், 2009, 24-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் அறிந்து, தேவைப்பட்டால் கூடுதலாகச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் கடமை. பெற்றோரைத் தவறாமல் சந்திப்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆசிரியர் தனியாக டியூஷன் எடுப்பதை 28-ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆகவே "டியூஷனுக்கு அனுப்புங்க, பார்த்துக்கிறேன்" என்று உங்கள் ஆசிரியரே சொன்னால் அது சரியில்லை.

பல மாதமாகியும் பிள்ளை அதே நிலையில் நின்றால் முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். அங்கே நகரவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் சொல்லலாம். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள்.