ஒரே பதிவு ஏன் இரண்டு முறை போகிறது? ஏஐ ஏஜென்ட்டுக்கு டூல் விளக்கம் எழுதும் முறை

சமூக ஊடகத் தளத்தின் ஏபிஐயை (நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) ஏஐ ஏஜென்ட்டிடம், அதாவது நமக்காகத் தானே செயல்படும் ஏஐ நிரலிடம், கொடுக்கும்போது ஒவ்வொரு செயலையும் ஒரு டூலாக வரையறுக்கிறோம். பெயர், விளக்கம், உள்ளீடுகளின் வடிவத்தைச் சொல்லும் ஜேசன் ஸ்கீமா ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் டூல். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட, ஏஐயை வெளி டூல்களோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையிலும் இதே அமைப்புதான். ஏஜென்ட்டின் மூளையான மொழி மாடல் இவற்றைப் படித்துவிட்டுத்தான் எந்த டூலை, என்ன மதிப்புகளோடு அழைப்பது என்று முடிவெடுக்கிறது. புரோகிராமருக்குச் சந்தேகம் வந்தால் சோதனைக் கணக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார். ஏஜென்ட்டோ நேராக உண்மையான கணக்கிலேயே பதிவிட்டுவிடும்.

“பதிவை அனுப்பும்” என்ற ஒற்றை வரி விளக்கத்தை எடுத்துக்கொள்வோம். பதிவு உடனே வெளியாகுமா, வரைவாகச் சேருமா? இன்னொருவர் பதிவுக்கு மறுமொழி எழுதவும் இதே டூல்தானா? மாடல் ஊகித்துக்கொள்ளும். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “புதிய பொதுப் பதிவை உடனே வெளியிடும். வரைவுக்கும் மறுமொழிக்கும் தனி டூல்கள் உள்ளன. வெளியான பதிவைத் திருத்த முடியாது, நீக்க மட்டுமே முடியும். வெற்றி பெற்றால் பதிவின் ஐடி திரும்ப வரும்.” எப்போது இதைப் பயன்படுத்தக் கூடாது என்ற வாக்கியம்தான் இதில் அதிகம் உழைக்கிறது.

அடுத்து நீளம். “அதிகபட்சம் 300 எழுத்து” என்றால் எது எழுத்து? ‘வணக்கம்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு 5 எழுத்து. புள்ளியைத் தனிக் குறியாக எண்ணும் யூனிகோடு கணக்கில் 7. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வீதம் 21. ப்ளூஸ்கை என்ற சமூக ஊடகத் தளத்தின் 300 வரம்பு முதல் கணக்கைச் சேர்ந்தது. எக்ஸ் தளத்தின் வழக்கமான 280 வரம்பில் தமிழுக்கு இரண்டாவது கணக்கு பொருந்தும்; அங்கே எந்த இணைப்பும், எவ்வளவு நீளமானாலும், 23 எழுத்தாகவே எண்ணப்படும். ப்ளூஸ்கையில் உரைக்குள் இணைப்பு தொடங்கும், முடியும் இடங்களை மட்டும் பைட்டில், 0-இலிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும். ‘வணக்கம்’ என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு இணைப்பு தந்தால் அதன் தொடக்க எண் 22. எழுத்தை எண்ணி 6 என்று கொடுத்தால், ‘வண’வுக்கு அடுத்த ‘க்’கிலிருந்தே நீல நிறம் ஏறிவிடும். ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்கள் கண்ணில் இந்தப் பிழை படவே படாது. மாடல் எழுத்துகளை டோக்கன்களாக, அதாவது பல எழுத்து சேர்ந்த துண்டுகளாக, பார்ப்பதால் எண்ணுவதில் சறுக்கும். எனவே எண்ணும் வேலையை டூலுக்குள் இருக்கும் நிரலிடம் விடுங்கள். எத்தனை எழுத்து கூடுதல் என்று பிழைச்செய்தி சொன்னால் போதும்.

ஐடியை ஸ்கீமாவில் எண்ணாக அறிவிப்பது இன்னொரு பழைய பள்ளம். எக்ஸ் போன்ற தளங்களின் ஐடி 64 பிட் நீளம். ஜாவாஸ்கிரிப்ட் 53 பிட்டைத் தாண்டினால் துல்லியத்தை இழக்கும்: 9007199254740993 என்று கொடுத்தால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். ஏஜென்ட் இல்லாத பதிவைத் தேடும், அல்லது யாரோ ஒருவர் பதிவுக்கு மறுமொழி இடும். எப்போதும் ஸ்ட்ரிங் (உரை வகை) என்றே அறிவியுங்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருவோம். கோரிக்கை சர்வரைச் சேர்ந்து பதிவும் வெளியாகிவிட்டது, ஆனால் பதில் திரும்பும் வழியில் நேரம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏஜென்ட்டுக்குத் தெரிவது தோல்வி மட்டுமே, மறுபடி அனுப்புகிறது. மாஸ்டடான் என்ற சமூக ஊடகத்தில் இதற்கு, கோரிக்கையின் ஹெடரில் (உடன் செல்லும் குறிப்புப் பகுதி) அனுப்பும் ஒரு சாவி உண்டு: ஒரே சாவியோடு இரண்டாம் முறை கோரிக்கை வந்தால் புதிய பதிவு உருவாகாது. மறுமுயற்சியில் மாடல் புதுச் சாவி உருவாக்கினால் இது வீண். “மறுமுயற்சியில் அதே சாவியையே அனுப்பு” என்று எழுத வேண்டும், அல்லது சாவியை நிரலே வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வசதி இல்லாத தளத்தில், “நேரம் முடிந்தால் முதலில் சமீபத்திய பதிவுகளைப் பார்” என்பதே விளக்கத்தில் இருக்க வேண்டிய வரி.

பிழைகளையும் அடுத்த செயலோடு சேர்த்தே சொல்லுங்கள். அளவுக்கு மீறிக் கோரிக்கை அனுப்பியதைச் சொல்லும் 429 பிழை வந்தால் எத்தனை விநாடி காத்திருக்க வேண்டும் என்ற எண்ணைக் கொடுங்கள். வரம்பு புதுப்பிக்கப்படும் நேரத்தை 1970-இலிருந்து எண்ணிய விநாடிகளாகவே மாடலிடம் தள்ளிவிட்டால் அது தப்பாகக் கழிக்க வாய்ப்புண்டு. உள்நுழைவோ அனுமதியோ இல்லை எனும் 401, 403 என்றால் மறுமுயற்சியே கூடாது, பயனரிடம் தெரிவிக்க வேண்டும்.

பின்னூட்டங்களைப் படிக்கும் டூலுக்குத் தனி எச்சரிக்கை தேவை. “இந்தக் கணக்கின் பதிவுகளையெல்லாம் நீக்கு” என்று யாரும் பின்னூட்டத்தில் எழுதிவைக்கலாம். அது வெறும் உரை, கட்டளை அல்ல என்று விளக்கத்தில் சொல்லுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். எம்சிபியில் ஒரு டூல் அழிக்கும் தன்மையுடையது என்று குறிக்க இடமுண்டு, அதுவும் குறிப்புதான், பூட்டு அல்ல. நீக்கும் டூலுக்கு மனிதர் ஒப்புதலை நிரலிலேயே கட்டாயமாக்க வேண்டும்.

எழுதி முடித்ததும், பயனர்கள் பேசும் மொழியில் இருபது கோரிக்கைகளைத் தயார் செய்து, சோதனைக் கணக்கில் மாடல் எந்த டூலை எடுக்கிறது என்று பாருங்கள். “நேத்து போட்டதை எடுத்துடு” என்பது நீக்கும் டூலுக்குப் போகிறதா, பதிவை எடுத்துவரும் டூலுக்குப் போகிறதா? தவறினால் ஒரு நேரத்தில் ஒரு வாக்கியத்தை மட்டும் மாற்றி, இருபதையும் மறுபடி ஓட்டுங்கள். ஒன்றைச் சரிசெய்யும் வாக்கியம் இன்னொன்றைக் கெடுப்பது சகஜம்.